பழைய பிஸ்டலில் பலமான தோட்டா: கையாண்டவங்க அனுபவம்

ஏற்காட்டுத் தோட்டக்காரர்:

வணக்கம். போன ஞாயிறு மலைக்கு வந்திருந்த அக்கா பையன் ஒரு கேள்வி கேட்டான். "ராணுவத்துல இருக்குற 9 எம்.எம். பிஸ்டல் அவ்வளவு உறுதியானதுன்னா, பேரல் குழாயை மட்டும் மாத்திட்டு இன்னும் பலமான தோட்டா போட்டா தாங்காதா மாமா?" எனக்குப் பதில் தெரியல. என்கிட்ட இருக்குறது உரிமம் வாங்கின .32 பிஸ்டல், அவ்வளவுதான். பெரிய பிஸ்டல்களைக் கையில வெச்சுப் பழகினவங்க பார்த்ததைச் சொல்லுங்க.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற ஆர்மரர்:

அண்ணா, 22 வருஷம் ராணுவத்துல துப்பாக்கி சோதிச்சுப் பழுதுபார்க்குறதுதான் என் வேலை. பையன் கேட்டது நல்ல கேள்வி. அந்தப் பிஸ்டலை உருவாக்கின கம்பெனியே இந்தக் கேள்வியில முட்டி நின்னிருக்கு.

எங்க கைக்கு வந்தது இஷாப்பூர் ரைஃபிள் ஃபாக்டரியில செஞ்ச 9 எம்.எம். 1ஏ. பெல்ஜியத்து ஹை பவர் பிஸ்டல் வழி வந்தது. ஜான் பிரவுனிங் ஆரம்பிச்சு வெச்சார், 1926ல இறந்துட்டார். எஃப்.என். கம்பெனியில இருந்த தியுதோனே சேவ் முடிச்சுக் கொடுக்க, 1935ல வெளிவந்துச்சு. தோட்டா அடுக்குற மேகசினுக்கு 13 ரவுண்டு. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

ஒரு வருடாந்தரச் சோதனையில நடந்ததைச் சொல்றேன். ஒரு பிஸ்டல், வெளியில பார்க்க ஒரு குறையும் இல்ல. கழுவித் துடைச்சு, பிடியோட சேர்ந்த கீழ்ச் சட்டமான ஃபிரேமுக்குச் சிவப்புச் சாயம் தடவிப் பத்து நிமிஷம் விட்டேன். மறுபடி சுத்தமாத் துடைச்சிட்டு வெள்ளைப் பொடி அடிச்சேன். பேரலைக் கீழே இறக்குற கேம் பார் உட்கார்ற இடத்துப் பக்கத்துல முதல்ல ஒரு சிவப்புப் புள்ளி. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே அது நீண்டு, விரிசலுக்குள்ள இருந்த சாயம் தலைமுடி கனத்துல ஒரு கோடா ஊறி வந்துச்சு. நகத்தால தடவினா ஒண்ணும் தட்டாது. ஸ்லைடைத் தடுத்துத் திருப்பித் தள்ளுற ஸ்பிரிங்கைக் கழட்டிப் புதுசு பக்கத்துல நிக்க வெச்சேன், ஒரு விரற்கடை குட்டை. தளர்ந்த ஸ்பிரிங்கோடவே பல வருஷம் சுட்டிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் ஸ்லைடு, அதாவது பேரலை மூடி மேல ஓடுற பாகம், வேகம் குறையாமப் பின்னால வந்து ஃபிரேமை அடிச்சிருக்கு. தன்னோட சொந்தத் தோட்டாவுக்கே அந்தக் கதி.

இதுல .40 எஸ் அண்ட் டபிள்யூங்கற இன்னும் பலமான அமெரிக்கத் தோட்டா போட்டா என்ன ஆகும்? எல்லாரும் முதல்ல கேக்குறது அழுத்தம் எவ்வளவுன்னுதான். 9 எம்.எம்.முக்கும் .40க்கும் அமெரிக்காக்காரங்க வெச்சிருக்குற உச்ச வரம்பு ஒண்ணேதான், சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதை மட்டும் பார்த்தா தாங்கும்னுதான் தோணும். ஆனா 9 எம்.எம். குண்டு சுமார் 8 கிராம், நொடிக்கு 350 மீட்டர். .40 குண்டு 11.7 கிராம், சுமார் 300 மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்க, அதான் உந்தம், கால் பங்கு கூடுது. குண்டு முன்னால போற உந்தம்தான் ஸ்லைடுக்குப் பின்னால கிடைக்குது. ஸ்லைடு எடை அதேன்னா அதோட வேகம் கால் பங்கு கூடும். வேகம் கால் பங்கு கூடினா மோதுற ஆற்றல் ஒன்றரை மடங்குக்கு மேல. அந்த அடியை வாங்குறது நான் சாயம் தடவிப் பார்த்த அதே ஃபிரேம்தான்.

எஃப்.என். 1990கள்ல .40க்கு ஹை பவர் செய்யப் போனப்ப, காய்ச்சி அடிச்சுச் செஞ்ச பழைய அடிப்பு ஃபிரேம் நிக்கல. உருக்கி அச்சுல ஊத்தின வார்ப்பு ஃபிரேமுக்கு மாறினாங்க, ஸ்லைடைக் கனமாக்கினாங்க, ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கினாங்க. மேகசின் 10 ரவுண்டாச்சு. வெளியில பார்த்தா அதே முகம், உள்ளே வேற பிஸ்டல்.

கந்தம்பட்டி பட்டறைக்காரர்:

ஆர்மரர் அண்ணா சொன்ன வார்ப்பு விஷயம் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. எங்க தொழில்ல "அடிச்சதுதான் உறுதி, வார்ப்பு உடையும்"னு சின்ன வயசுலயே சொல்லி வளர்ப்பாங்க. வார்ப்பிரும்புக்கு அது சரி. நல்ல ஸ்டீல் வார்ப்பு, அதுக்கேத்த சூடு காட்டி எடுத்ததுன்னா, பழைய ரக அடிப்பு ஸ்டீலை விடக் கடினமா வரும். எந்த ஸ்டீல், எந்தச் சூடு, எவ்வளவு நேரம், இதைக் கேக்காம வார்ப்பா அடிப்பான்னு மட்டும் கேட்டா பாதிதான் தெரியும்.

துப்பாக்கி நான் தொட்டதில்ல. போர்வெல் ரிக் வண்டி தெரியும். ஒருத்தர் பழைய வண்டியில பெரிய கம்ப்ரஸர் ஏத்திக்கிட்டு வந்தார். எட்டு மாசத்துல நிமிர்ந்து நிக்கிற மாஸ்ட்டுல விரிசல். கனமான சட்டத்துல ஒண்ணும் ஆகல. என்னிக்கோ ஒரு போல்ட்டுக்கு ஓட்டை போட்டு, ஓட்டைக்கும் விளிம்புக்கும் நடுவுல அரை அங்குலம் மீதி விட்டிருந்தாங்க. அங்கதான் விட்டுச்சு. எத்தனை தடவை வெல்டு வெச்சும் அதே இடம்.

ஆத்தூர்க்காரர், இப்போ டெக்சாஸ்:

அண்ணா, நீங்க சொன்ன அந்த ஓட்டையை நான் பிஸ்டல்லயே பார்த்தேன்!

இங்க ஒரு ரேஞ்சில் பெரியவர் ஒருத்தர் கோல்ட் (Colt) கம்பெனியோட பழைய டெல்டா எலைட் பிஸ்டல் வெச்சிருந்தார். 1911ங்கற பழைய மாடல் பிஸ்டலை 10 எம்.எம். ஆட்டோங்கற பலமான தோட்டாவுக்குச் செஞ்சது, 1987ல வந்தது. 1911ஓட சொந்தத் தோட்டா .45, வரம்பு 21,000 பவுண்டு. 10 எம்.எம்.முக்கு 37,500. ஆனா அழுத்தம் இல்ல, உந்தம்தான் விஷயம்ங்கற ஆர்மரர் அண்ணா கணக்குதான் சரி. 1929லயே இதே 1911ல .38 சூப்பர்ங்கற தோட்டா போட்டுட்டாங்க, அதோட அழுத்தமும் 36,000க்கு மேலதான். அதை அது தாங்குச்சு. 10 எம்.எம்.முக்கு நார்மா கம்பெனி முதல்ல செஞ்ச தோட்டா 13 கிராம் குண்டை நொடிக்கு 365 மீட்டர்ல தள்ளும். உந்தம் .45ஐ விடவும் கால் பங்கு அதிகம்.

பெரியவர் ஸ்லைடைக் கழட்டி ஃபிரேமை விளக்கு வெளிச்சத்துல திருப்பிக் காட்டினார். ஸ்லைடைப் பிடிச்சு நிறுத்துற ஸ்லைடு ஸ்டாப் போற துளைக்கு மேல, ரெயில் ஓரத்துல ஒரு மெல்லிய பாலம் மாதிரி உலோகம். அதுல குறுக்கே விரிசல். அப்புறம் வந்த ஃபிரேம்கள்ல கோல்ட் அந்தப் பாலத்தையே வெட்டி எடுத்துருச்சு. வலு தாங்காத துண்டு அங்க இருக்குறதை விட இல்லாம இருக்குறதே மேல்னு முடிவு பண்ணிட்டாங்க. ரொம்ப நேரம் அந்த வெட்டையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

நானும் ஒரு மேகசின் சுட்டேன். மணிக்கட்டுக்கு .45 தர்றது ஒரு தள்ளு. இது சுத்தியல் அடி. ஸ்லைடு பின்னால போய் முட்டுறது உள்ளங்கையிலயே தெரியுது.

அமெரிக்க மத்தியப் போலீசான எஃப்.பி.ஐ.யே 10 எம்.எம். பலரால கட்டுப்படுத்த முடியலன்னு பலம் குறைச்ச தோட்டாவுக்கு மாற, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் சேர்ந்து அதைக் குட்டையாக்கினதுதான் 1990ல வந்த .40. அதைக் கொண்டுபோய் ஹை பவர்ல போட்டப்பத்தான் ஆர்மரர் அண்ணா சொன்ன கதை.

அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற ஆர்மரர்:

பாலத்தை வெட்டினது சரியான வேலை தம்பி. நன்றி.

தோட்டக்கார அண்ணா, பையன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லிடுங்க. பழைய டிசைன் தாங்குமான்னு கேட்டா, தாங்கும். ஆனா ஸ்லைடு, ஸ்பிரிங், ஃபிரேம் மூணையும் புதுசாக் கணக்குப் போட்டுச் செஞ்சாத்தான். பேரலை மட்டும் மாத்தினா தாங்காது. இன்னொண்ணு, நம்ம ஊர்ல 9 எம்.எம்.மே பொதுமக்களுக்குத் தடை பண்ணின ரகம். உரிமம் இல்லாம துப்பாக்கியை மாத்தி அமைக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். எந்த லேத்துக்காரர்கிட்டயும் இந்த மாதிரிப் பேச்சை எடுத்துட்டுப் போக வேண்டாம்.

ஒண்ணு கேக்கணும். உங்க .32ல ஸ்பிரிங் மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?

ஏற்காட்டுத் தோட்டக்காரர்:

வாங்கிப் பதினொரு வருஷம் ஆச்சு. ஒரு தடவை கூட மாத்தினதில்லங்க. மலை ஈரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சு வைக்கிறதோட சரி. பையன்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டிட்டேன். திங்கட்கிழமை கீழே இறங்கும்போது உரிமம் உள்ள கடையில கொடுத்துப் பார்க்கச் சொல்றேன்.