வெளிறிப்போன ஃபைபர் படகை மெருகேற்ற எந்த பாலிஷிங் மெஷின் வாங்கலாம்?

முத்துநகர்ப் படகு எழுதியது:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் இருபத்திரண்டு அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். பக்கங்கள் கருநீலம், மேல்தளம் வெள்ளை. முந்தைய உரிமையாளர் அதைப் பல ஆண்டுகள் தார்ப்பாய்கூடப் போடாமல் வெயிலில் விட்டிருந்ததால், நீலம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. விரலால் தடவினால் வெண்பொடி ஒட்டுகிறது. கையால் மெழுகு தேய்த்தால் ஈரம் இருக்கும்வரை நிறம் தெரிகிறது, காய்ந்ததும் பழையபடி வெளுத்துவிடுகிறது. ஆகவே மெஷின் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என்னிடம் இருக்கும் 4 அங்குல ஆங்கிள் கிரைண்டரிலேயே கம்பளி பேட் மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். பேட் சுற்றிக்கொண்டே ஆடவும் செய்கிற டூயல் ஆக்ஷன் பாலிஷர்தான் பாதுகாப்பானது என்கிறார் இன்னொருவர். டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து மைத்துனர் வருகிறார். அவரிடமே வாங்கிவரச் சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஃபைபர் பட்டறை எழுதியது:

ஐயா, கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும். இந்த வேலைக்குத் தேவைப்படுவதோ பெரும்பாலும் ஆயிரத்துக்கும் ஆயிரத்து எண்ணூறுக்கும் இடைப்பட்ட வேகம். கிரைண்டரின் வேகத்தில் கம்பளி பட்டால் காம்பவுண்டு (தேய்க்கும் பசை) நொடியில் காய்ந்து, ஜெல்கோட் (ஃபைபரின் மேலுள்ள நிறமேற்றிய பிசின் பூச்சு) சூடேறிக் கருகும். புதிய படகில் ஜெல்கோட் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் முதல் முக்கால் மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். பழைய படகில் முன்பே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. அது போனால் கண்ணாடி இழை வெளியே தெரியும். பிறகு மெருகேற்றுவதற்கு எதுவும் மிஞ்சாது.

நீங்கள் சொல்லும் வெண்பொடி, புற ஊதாக் கதிரால் சிதைந்த ஜெல்கோட்டின் மேல்பரப்பு. அதை எடுக்காமல் மேலே மெழுகு பூசுவதால் பயனில்லை. எடுப்பதற்கு, பேட் ஒரே அச்சில் சுற்றுகிற, அழுத்தினாலும் வேகம் குறையாத ரோட்டரி பாலிஷர் வேண்டும். மக்கிடா 9237சி போன்ற 180 மில்லிமீட்டர் மெஷின்களில் வேகத்தை 600 முதல் 3200 வரை வைத்துக்கொள்ளலாம். விசையை அழுத்தியதும் மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிப்பதால் காம்பவுண்டு சட்டையெல்லாம் தெறிக்காது. எந்த நிறுவனத்தினுடையதை வாங்கினாலும், 600 அளவுக்குக் கீழிறங்குகிறதா, பாரம் ஏறும்போது வேகத்தைத் தானே நிலைநிறுத்துகிறதா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு வாங்குங்கள். வாட் எண்ணிக்கையைவிட இவை முக்கியம். எடையையும் கையில் தூக்கிப் பாருங்கள். மூன்று கிலோ மெஷினை நின்றபடி படகின் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருப்பது தோளுக்கு நல்ல வேலை.

முதலில் கண்ணில் அதிகம் படாத பின்பக்கத்தில் ஒரு முழச் சதுரத்தை டேப் ஒட்டிப் பிரித்துச் செய்து பாருங்கள். பேட் நின்றிருக்கும்போதே காம்பவுண்டைப் பரப்பில் ஒற்றிவிட்டு, குறைந்த வேகத்தில் விரித்து, பிறகு வேகத்தைக் கூட்ட வேண்டும். நிறம் திரும்பவில்லையென்றால் 1000, 1500, 2000 என்ற கிரிட் (சொரசொரப்பு எண்) வரிசையில் வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்த்தபின் மீண்டும் காம்பவுண்டு போடுங்கள். அணியத்தின் (படகின் முன்பகுதி) கூர்முனையிலும் விளிம்புகளிலும் ஜெல்கோட் மெலிந்திருக்கும் என்பதால் அங்கே டேப் ஒட்டிவிடுவது நல்லது. பேட் விளிம்பிலிருந்து வெளியே ஓடும்படி பிடிக்க வேண்டுமே தவிர, விளிம்பை நோக்கி மோதும்படி பிடிக்கக் கூடாது.

கருநீலம் எழுதியது:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உங்கள் படகு கருநீலம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரோட்டரியும் கம்பளியும் விட்டுச்செல்லும் வட்ட வட்டமான மெல்லிய கோடுகள் வெள்ளைப் படகில் யார் கண்ணுக்கும் தெரியாது. அடர்நிறத்திலோ சாய்வெயிலில் பக்கம் முழுவதும் பளிச்சென்று தெரியும். அவற்றை நீக்குவதற்குத்தான் டூயல் ஆக்ஷன். அதில் பேட் சுற்றிக்கொண்டே விலகி விலகி ஆடுவதால் சூடு ஓரிடத்தில் தங்காது. புதிதாகப் பழகுபவர் கையிலும் சேதம் குறைவு. ரூப்ஸ் போன்றவற்றில் 15, 21 மில்லிமீட்டர் ஆட்டமுள்ள மாதிரிகள் இருக்கின்றன. அகன்ற சமதளத்துக்கு 21 ஏற்றது. குறை என்னவென்றால், வளைந்த இடத்தில் அழுத்தினால் பேட் சுழலாமல் வெறுமனே அதிரும். ஃபிளெக்ஸ் எக்ஸ்சி 3401 போன்ற, அழுத்தினாலும் பேட்டைப் பல்சக்கரம் சுழற்றுகிற கட்டாயச் சுழற்சி மெஷின்களில் அந்தக் குறை இல்லை.

இந்த அளவுக்கு வெளிறிய படகை டூயல் ஆக்ஷனால் மட்டுமே மீட்க நினைத்தால் பொறுமை கெட்டுவிடும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரோட்டரியை வாங்குங்கள். கடைசிச் சுற்றுக்கு அதிலேயே மென்மையான ஃபோம் பேட் மாட்டி, ஆயிரத்துக்குள் வேகம் வைத்து, மெல்லிய பாலிஷ் கொண்டு முடித்தால் கோடுகள் பெருமளவு குறையும். டூயல் ஆக்ஷனை அடுத்த ஆண்டுப் பராமரிப்புக்கு வாங்கிக்கொள்ளலாம்.

முத்துநகர்ப் படகு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. ரோட்டரி என்று முடிவு செய்துவிட்டேன். மைத்துனர் விஷயத்தையும், மெழுகைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

கரையோர எலக்ட்ரீஷியன் எழுதியது:

அமெரிக்காவிலிருந்து வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரடியாகச் சொருகினால் மோட்டார் எரிந்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் அதைச் சுமந்துகொண்டு திரிய வேண்டும். அங்குள்ள பாலிஷர்களில் சுழல்தண்டின் மரை பெரும்பாலும் 5/8 அங்குலம்; இங்கு கிடைக்கும் பேட் தட்டுகள் எம்14 (14 மில்லிமீட்டர்) மரைக்கானவை என்பதால் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

ஈரமாகத் தேய்க்கும் இடத்தில் மின்சாரத்தையும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதால், 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) உள்ள இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள். இதில் தயவுசெய்து சமரசம் வேண்டாம். கரையில் படகு தள்ளி நின்றால் நீண்ட வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளைப் பயன்படுத்துங்கள். பொடி நுரையீரலுக்குக் கேடு. மாஸ்க் இல்லாமல் தொடங்காதீர்கள்.

மெழுகுக்கு மெஷின் கட்டாயமில்லை. பூசுவதானால் 600 வேகத்தில் ஃபோம் பேட் போதும். துடைத்தெடுப்பதை மைக்ரோஃபைபர் துணியால் கையாலேயே செய்யலாம். பக்கவாட்டைத் தொட்டுப் பாருங்கள்: சுட்டால் அன்று வேலை வேண்டாம், அதிகாலையிலோ நிழலிலோ செய்யுங்கள். நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே மெழுகு படக் கூடாது; பட்டால் பிறகு அடிக்கும் பாசித்தடுப்பு பெயிண்ட் பிடிக்காது. வெள்ளை மேல்தளத்தில் ஆட்கள் கால் வைக்கும் சொரசொரப்பான பகுதிக்கும் மெழுகு பூசாதீர்கள், ஈரக்காலோடு ஏறுகிறவர்கள் வழுக்கி விழுவார்கள்.