இடம் நிரம்பிய காப்பகம் கதவை அடைக்கலாமா?

வாசல்விளக்கு:
நான் வாரத்தில் 3 நாள் தொண்டு செய்யும் விலங்குக் காப்பகத்தில், இடம் நிரம்பியிருக்கும்போது வளர்ப்பவர்களே ஒப்படைக்க வரும் நாய், பூனைகளை உடனே ஏற்காமல், பெயரைப் பதிந்துகொண்டு காத்திருக்கச் சொல்லும் நடைமுறை 2 மாதமாக இருக்கிறது. அடிபட்டவை, தாயில்லாக் குட்டிகள், தெருவில் திகைத்து நிற்பவை ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்த்த உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர் ஏற்கெனவே ஓய்ந்துபோனவர். அவரிடம் 3 வாரம் கழித்து வாருங்கள் என்றால் என்ன செய்வார்? சென்ற மாதம் ஒரு காலையில், வெளிக்கதவின் கம்பியில் ஒரு பெட்டை நாய் கட்டப்பட்டிருந்தது. இரவெல்லாம் கயிற்றைக் கடித்ததில் ஈறு முழுக்க ரத்தம். முந்தைய நாள் நாங்கள் திருப்பி அனுப்பிய நாய்தான் அது. கூண்டுக்கு இரண்டாக வைத்தாவது ஏற்றிருக்க வேண்டும்.

நாலுகால்நட்பு:
ஐயா, அந்த நாயை நினைக்கும்போது எனக்கும் நெஞ்சு பதைக்கிறது. ஆனால் கூண்டுக்கு இரண்டாக வைத்தால் என்ன ஆகும் என்பதை வேறொரு காப்பகத்தில் நேரில் பார்த்தவள் நான். தடுப்பூசி போடாத ஒரு குட்டியைத் தனியே வைக்க இடமின்றி மற்றக் குட்டிகளோடு விட்டோம். 5ஆம் நாள் வாந்தி, பிறகு ரத்தக் கழிச்சல். பார்வோ என்ற வைரஸ் தொற்று அது. 9 குட்டிகளில் 2 மட்டுமே மிஞ்சின. அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த அறைக்கும் போகும். கையில் தேய்த்துக்கொள்ளும் சானிடைசருக்கு அது சாகாது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காது என்பதால், ஒரே ஊசியோடு நிம்மதியாக இருக்கவும் முடியாது.

ஆள் கணக்கும் இருக்கிறது. ஒரு விலங்கின் கூண்டைக் கழுவித் தீனி வைக்க மட்டும் நாளுக்கு 15 நிமிடமாவது வேண்டும் என்பது காப்பகத் துறையில் வழங்கும் கணக்கு. 40 விலங்குகளுக்கு 10 மணி நேரம். 80 என்றால் அந்த 20 மணி நேரத்தை யார் தருவது?

வாசல்விளக்கு:
அம்மா, கிருமிக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கதவுக்கு வெளியே சாகிற உயிர் உங்கள் பதிவேட்டில் ஏறுவதில்லையே! காத்திருக்கும் காலமும் சும்மா கழிவதில்லை. பெண் பூனை 4 மாத வயதிலேயே சினைப்படலாம். சினைக்காலம் 9 வாரம்தான். பட்டியலில் ஒன்றாக ஏறிய பூனை, முறை வரும்போது ஐந்தாக வந்து நிற்கும்.

மணல்தட்டு:
தொலைபேசியில் 10 நிமிடம் பேசினாலே சில ஒப்படைப்புகள் தேவையற்றுப் போவதை நான் கண்டிருக்கிறேன். வீடெல்லாம் சிறுநீர் கழிக்கிறது, கொண்டுபோய்விடுங்கள் என்று ஒருவர் கூப்பிட்டார். கேட்டுப் பார்த்தால் அது ஆண் பூனை, முக்குகிறது, ஆனால் சொட்டுதான் வருகிறது. சிறுநீர்ப் பாதை அடைபட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும் என்பதால் உடனே மருத்துவரிடம் அனுப்பினோம். பூனை பிழைத்தது, இன்றும் அவர் வீட்டிலேயே இருக்கிறது.

நாலுகால்நட்பு:
சினை பற்றி ஐயா சொன்னது சரி. அதை நான் யோசிக்கவில்லை. பதிவு செய்யும் வாரத்திலேயே கருத்தடை செய்துவிடலாம், அதற்குக் கூண்டு தேவையில்லை. இடத்தைப் பெருக்கவும் வேறு வழி உண்டு. 40 கூண்டுகளில் ஒவ்வொரு விலங்கும் சராசரியாக 60 நாள் தங்கினால், ஆண்டுக்கு ஏறக்குறைய 240 உயிர்களுக்குத்தான் இடம். அதையே 30 நாளாக்கினால் அதே கூண்டுகள் 480 உயிர்களுக்குப் போதும். அறுவைக்கு நாள் கிடைக்காமலும், தத்தெடுக்க விரும்புவோருக்குக் காட்ட நல்ல புகைப்படம் எடுக்க ஆளில்லாமலும் வீணாகும் நாள்களைக் குறைப்போம். கதவு தானே திறக்கும்.

வாசல்விளக்கு:
அந்தக் கணக்கை ஏற்கிறேன். ஆனால் பதிந்தவரை 2 நாளுக்கு ஒருமுறை காப்பகமே கூப்பிட்டு, இன்னும் சமாளிக்க முடிகிறதா என்று கேட்கும்வரை இந்தப் பட்டியலை நான் எதிர்ப்பேன். கயிற்றைக் கடித்த அந்த நாயின் வீட்டுக்காரரை அன்று மாலை யாரும் கூப்பிடவில்லை. என் 3 நாள்களில் அந்தத் தொலைபேசி வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற 4 நாள்களுக்கு ஆள் வேண்டும்.