டொரன்டோவில அகதிக் கேஸுக்கு நல்ல லோயர் எப்பிடிப் பிடிக்கிறது?

வந்து ரெண்டு மாசம், ஸ்காபரோவில சித்தி வீட்டில இருக்கிறன். தெரிஞ்ச ஒருத்தர் ஃபோர்ம் நிரப்பித் தாறன் எண்டு காசு கேக்கிறார், ஆனா லோயர் இல்லையாம், ரசீதும் தரமாட்டாராம். நம்பலாமோ?

பதில் 1:
தங்கச்சி, ஒரு சதமும் குடுக்காதேங்கோ! ஒன்டாரியோவில காசு வாங்கி இமிகிரேஷன் கேஸ் பாக்கிற உரிமை லோயர், பாராலீகல், லைசன்ஸ் எடுத்த கன்சல்டன்ட் இவைக்குத்தான். லோயரின்ர பேரை லோ சொசைட்டி (லோயர்மாருக்கு லைசன்ஸ் குடுக்கிற அமைப்பு) வெப்சைட்டில தேடிப் பாக்கலாம். வருமானம் குறைவெண்டா லீகல் எயிட் ஒன்டாரியோ எண்ட சட்ட உதவி அமைப்புக்கு ஃபோன் அடியுங்கோ, அவையின்ர உதவிச் சேர்டிபிகேட் கிடைச்சா லோயர் காசை அவையே கட்டுவினம், தமிழில கதைக்க மொழிபெயர்ப்பாளரும் கேக்கலாம்.

பதில் 2:
எனக்கு ஒருத்தர் வேற ஆற்றையோ கதையைப் பாத்து எழுதிப்போட்டார், ஹியரிங்கில (கேஸ் விசாரணையில) திகதியள் பிழைச்சு நான் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். நடந்ததை நீங்களே தமிழில எழுதி வையுங்கோ பிள்ளை, இங்கிலீஸ் ஃபோர்மை வாசிச்சு விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதேங்கோ.

பதில் 3:
211 எண்ட உதவி நம்பருக்கு ஃபோன் அடிச்சா பக்கத்தில இருக்கிற உதவி எல்லாம் சொல்லுவினம், ஃப்ரீ. தெற்காசியருக்கான சட்ட உதவி கிளினிக்கும் டொரன்டோவில இருக்கு. தனிய யோசிச்சுக்கொண்டு இருக்காதேங்கோ.

கேட்டவர்:
நன்றி அண்ணா, அக்கா. நாளைக்குக் காலமையே அடிக்கிறன்.