‘ஒருகலவழிப் பிறபொருளெதிரி’: ஒரு சொல்லாக்க முன்மொழிவு

அன்பர்களுக்கு வணக்கம்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் ‘மொனோகுளோனல் அன்டிபொடி’ என்று வழங்குவதற்கு, அதாவது குறித்த ஓர் இலக்கை மட்டும் பற்றும்படி ஆய்வுகூடத்தில் ஆக்கப்படும் பிறபொருளெதிரி என்ற காப்புப் புரதத்துக்கு, தமிழ்ச் சொல் கேட்டதில் இதுவரை வந்த பரிந்துரைகளில் ‘ஒற்றை நகல் எதிர்ப்பொருள்’ என்பதற்கே ஆதரவு கூடுதலாக இருப்பதால், அதை நான் ஏன் ஏற்கவில்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கொழும்பில் மருத்துவச் சம்மதப் படிவங்களைத் தமிழாக்குவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு படிவத்திலும் ‘நகல்’ இருந்தது. மகளுடன் கிளினிக்குக்கு வந்திருந்த ஒரு தாயார் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, “தம்பி, இது டூப்ளிகேட் மருந்தோ?” என்று கேட்டார். பிழை என்னுடையது. நகல் என்றால் நம்மவர்களுக்கு அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி. மருந்தோடு சேர்ந்தால் அது போலி. ‘ஒற்றை’ என்பதும் உதவவில்லை. இரண்டு பாரச் சங்கிலிகளும் இரண்டு இலேசான சங்கிலிகளும் சேர்ந்த ஒரு புரதத்தை, ஒரே சங்கிலியால் ஆனது என்று மாணவர் நினைக்க அது இடம் தருகிறது.

சொல் பிறக்க வேண்டியது செய்முறையிலிருந்து. 1975இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் கோலரும் சேசார் மில்ஸ்டைனும் செம்மறியாட்டின் செங்குருதிக் கலங்களை (செல்களை) சுண்டெலிக்கு ஏற்றி, அதன் மண்ணீரலிலிருந்து எடுத்த கலங்களை, ஓயாமல் பெருகும் மைலோமாப் புற்றுக் கலங்களுடன் இணைத்தார்கள். முன்னது பிறபொருளெதிரியைச் சுரக்கும், ஆனால் வளர்ப்பூடகத்தில் நெடுநாள் தங்காது, பின்னது சாகாது. இரண்டின் குணமும் சேர்ந்த கலப்புக் கலங்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்தபோது, ஒவ்வொரு கலத்தின் வழித்தோன்றல்களும் ஒரே இலக்கை ஒரே இடத்தில் பற்றும் ஒரே வகைப் புரதத்தையே சுரந்தன. இதற்கு 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே இங்கே ‘ஒன்று’ என்பது மூலக்கூறு அன்று, நகலும் அன்று, மூதாதையான கலம். அதனால்தான் ‘ஒருகலவழி’ என்கிறேன். ‘பொலிகுளோனல்’ என்பதற்குப் ‘பலகலவழி’ என்று இணைச்சொல்லும் தானே அமைந்துவிடுகிறது.

‘பிறபொருளெதிரி’ நீளம் என்ற முறைப்பாடு நியாயமானது. அதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்றை யாரும் எழுப்பாதது எனக்கு வியப்பு. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரஸ்டுசுமாப் என்ற இவ்வகை மருந்து பற்றுகின்ற ஹெர்-2 நம் உடலின் சொந்தப் புரதமே. ஏறத்தாழ ஐந்தில் ஒரு மார்பகப் புற்றுநோயில் அது அளவுக்கு மிஞ்சிப் பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். ரிட்டுக்சிமாப் என்ற இன்னொரு மருந்து பற்றுகின்ற சி.டி. 20 என்ற புரதம், வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான பி கலங்களில், நோயற்றவற்றிலும் உண்டு. இவற்றில் ‘பிறபொருள்’ எங்கே? தமிழகத்தாரின் ‘எதிர்ப்பொருள்’ இந்த இடத்தில் தப்பிவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இங்கே உயிரியல் படித்த பிள்ளைகள் பாடநூலில் கற்றது பிறபொருளெதிரியைத்தான். பழகிய சொல் வரைவிலக்கணமாகவும் இருந்தாக வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். அதை ‘எதிரி’ என்று மட்டும் சுருக்கலாம் என்ற யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் நீதிமன்றச் செய்திகளில் எதிரி என்பவர் கூண்டில் நிற்பவர். அவரை நோயாளியின் நாளத்தில் ஏற்றுவதாக எழுத எனக்குக் கை வரவில்லை.

சுண்டெலியின் புரதத்தை அப்படியே ஏற்றினால் நோயாளியின் உடல் அதற்கு எதிராகவே கிளம்பும் என்பதால், இலக்கைப் பற்றும் நுனி வளையங்களை மட்டும் சுண்டெலியிடமிருந்து எடுத்து, மனிதப் பிறபொருளெதிரியின் சட்டகத்தில் பொருத்தும் முறையை 1986இல் கிரெகரி வின்டர் குழுவினர் வெளியிட்டனர். ‘ஹியூமனைஸ்ட்’ என்ற அடைமொழி இதற்குரியது. முதலில் ‘மனித ஒட்டு’ என்று எழுதிப் பார்த்தேன், ஏனெனில் செய்வது ஒட்டுக்கட்டுதலேதான். ஆனால் கறுத்தக்கொழும்பான் ஒட்டு மாமரம் என்னும்போது பெயர் மேலே ஒட்டிய கிளைக்குரியது, அடிமரத்துக்குரியது அன்று. அந்த முறைப்படி இதைச் ‘சுண்டெலி ஒட்டு’ என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி எழுதிச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கியது போலத்தான்! எனவே அழகில்லாவிட்டாலும் ‘மனிதமாக்கிய’ என்பதே போதும். சுண்டெலிப் புரதத்தில் இலக்குக்கேற்ப மாறும் பகுதி முழுவதையும் மனிதப் புரதத்தின் மாறாப் பகுதியோடு இணைத்த ரிட்டுக்சிமாப் போன்றவற்றுக்குக் ‘கலப்பு’ என்ற அடைமொழி பொருந்தும்.

உற்பத்திக்கு வந்தால், இப்புரதத்தைச் சுரக்கும் கலங்களை வளர்க்கும் பெரிய பாத்திரத்துக்கு ‘நொதித்தற் கலன்’ என்ற பரிந்துரை பொருந்தாது. பெரும்பாலும் சீன ஹாம்ஸ்டரின் சூலகத்திலிருந்து வந்த கலங்கள் ஏறத்தாழ 37 பாகை செல்சியசில், சில ஆலைகளில் 10,000 லீற்றருக்கும் மேற்பட்ட கொள்ளளவில் வளர்ந்து புரதத்தைச் சுரக்கின்றன; அங்கே எதுவும் நொதிப்பதில்லை. ‘கலவளர்ப்புக் கலம்’ என்றால் எது உயிருள்ள கலம், எது பாத்திரம் என்று மாணவர் குழம்புவர். தண்ணீர்த் தாங்கி எல்லோருடைய கூரையிலும் இருப்பதால் ‘கலவளர்ப்புத் தாங்கி’ என்று வைத்திருக்கிறேன். சுரந்த புரதத்தைத் துப்புரவாக்கும் படிமுறைகளுக்கான சொற்களை, இங்கே சொன்ன சொற்கள் முடிவான பிறகு எடுத்துக்கொள்ளலாம்.