ஃபீட்-இன் டாரிஃப்: கட்டணமா, விலையா?

அனுப்புபவர்: மொழிபெயர்ப்பாளர், சேலம்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஓமலூர், தாரமங்கலம் பக்கத்து விவசாயிகளுக்காக, சூரிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்பது பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்துவருகிறேன். அதில் பாதிக்கு மேல், விவசாயிகளின் சூரிய மின்சாரத்துக்காக மத்திய அரசு கொண்டுவந்த 'பிஎம் குசும்' திட்டத்தின் முதல் பிரிவைப் பற்றியது. தரிசாகக் கிடக்கும் நிலத்தில், துணை மின் நிலையத்துக்கு அருகில், 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சூரிய மின் நிலையம் அமைக்கலாம். அங்கே விளையும் மின்சாரத்தை, மின்சார ஒழுங்குமுறை ஆணையம் முன்கூட்டியே அறிவித்த விலையில், விநியோக நிறுவனம் 25 ஆண்டுகளுக்கு வாங்கிக்கொள்ளும். இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு உலகம் முழுதும் வழங்கும் பெயர்தான் 'ஃபீட்-இன் டாரிஃப்'. பக்கத்துக்குப் பக்கம் வரும் இந்தச் சொல்லுக்குத் தமிழ் வேண்டும்.

முந்தைய மடல்களில் வந்த பரிந்துரைகள் மூன்று: ஊட்டுக் கட்டணம், மின்னூட்டக் கட்டணம், உள்ளீட்டு வீதம். மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. 'மின்னூட்டம்' பள்ளி இயற்பியலில் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம் என்று படித்த பிள்ளை இதைப் பார்த்தால் குழம்பும். 'உள்ளீடு' கணினிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. 'ஊட்டு' என்றால் குழந்தைக்குச் சோறூட்டுவதும் கன்றுக்குப் பாலூட்டுவதும்தான் கண்முன் வருகின்றன. இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 'கட்டணம்' என்பதை மட்டும் என்னால் விட முடியாது.

கட்டணம் என்றால் நாம் கட்டுவது. பள்ளிக் கட்டணம், பஸ் கட்டணம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கட்டணம் எதுவானாலும் பணம் நம் பையிலிருந்து வெளியே போகிறது. 'இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மாறாத ஊட்டுக் கட்டணம்' என்று அச்சிட்டுக் கொடுத்தால், படிக்கும் விவசாயி நிலத்தையும் கொடுத்துக் கால் நூற்றாண்டு கப்பமும் கட்ட வேண்டும்போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். ஆங்கிலத்தில் 'டாரிஃப்' விலைப்பட்டியலைக் குறிக்கும் சொல். பணம் எந்தத் திசையில் போகிறது என்பதை அது சொல்வதில்லை. நம் சொல் திசையோடு வருகிறது. இங்கே அந்தத் திசை தலைகீழ்.

ஜெர்மானியர்கள் இதில் தெளிவாக இருந்தார்கள். 1990-இல் அவர்கள் நிறைவேற்றிய சட்டம் 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை எந்தச் சிறு உற்பத்தியாளர் கொடுத்தாலும் அந்தப் பகுதி மின் நிறுவனம் வாங்கியே தீர வேண்டும் என்றும், காற்று, சூரிய மின்சாரத்துக்கு நுகர்வோர் கொடுக்கும் சராசரி விலையில் 90 சதவீதம் கொடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. அந்தச் சட்டத்துக்காக வாதாடியவர்களில் பவேரிய ஆறுகளில் சிறு நீர்மின் நிலையம் வைத்திருந்தவர்களும் உண்டு. பெரிய நிறுவனங்களிடம் பேரம் பேசும் வலு இல்லாதவர்கள் அவர்கள். 2000-இல் வந்த அடுத்த சட்டம் வகைக்கு ஒரு விலையாக 20 ஆண்டுகளுக்கு நிலைநிறுத்தியது. இந்தத் தொகைக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஐன்ஷ்பைசெஃபெர்கூட்டுங்'. அதன் பின்பாதி 'ஃபெர்கூட்டுங்', செய்த வேலைக்கோ கொடுத்த பொருளுக்கோ ஈடாகத் தரப்படும் பணத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அது 'டாரிஃப்' ஆனது. நாம் மூலத்தை விட்டுவிட்டு இடையில் வந்ததைப் பின்பற்றுவானேன்?

ஆகவே பின்பாதி 'விலை'. முன்பாதிக்கு என் பரிந்துரை 'வரத்து'. மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கனஅடி என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். பல திசைகளிலிருந்து ஒரு பொதுவான இடத்துக்கு வந்து சேர்வது வரத்து. மின்தொகுப்புக்கு ('கிரிட்') வந்து சேரும் மின்சாரம் மின்வரத்து. அதற்கான விலை மின்வரத்து விலை. சுருக்கமாக வரத்து விலை.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

———

மறுமொழி: ஓய்வுபெற்ற மின்பொறியாளர், மேட்டூர்

அம்மா, வணக்கம். கட்டணம் வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம் நிற்கிறேன். 'வரத்து' கேட்க நன்றாக இருக்கிறது. அணையடிவாரத்தில் வேலை பார்த்தவனிடம் நீர்வரத்தைச் சொல்லி மயக்கப் பார்க்கிறீர்கள். இங்கே 1937 முதல் நீர்மின்சாரம் எடுக்கிறார்கள். அந்த மின்சாரமும் தொகுப்புக்கு வருகிறதுதான். மேட்டூர் அனல் மின் நிலையத்திலிருந்து வருவதும் வரத்துதான். அவற்றுக்கெல்லாம் நீங்கள் சொல்லும் விலை கிடையாது. சிறு உற்பத்தியாளருக்கான தனி ஏற்பாடு என்பது உங்கள் சொல்லில் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. விலை எப்படி முடிவாகிறது என்பதுதான் இதன் உயிர்நாடி. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. 62-ஆம் பிரிவின்படி ஒழுங்குமுறை ஆணையம் முதலீடு, வட்டி, பராமரிப்பு, நியாயமான லாபம் எல்லாம் கணக்கிட்டு விலையை நிர்ணயிக்கும். 63-ஆம் பிரிவின்படி ஏலம் விட்டு, குறைத்துக் கேட்டவரிடம் வாங்கலாம். காற்றாலைகள் பல ஆண்டுகள் முதல் வழியில்தான் வளர்ந்தன. 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் சூரிய ஆற்றல் கழகம் நடத்திய முதல் காற்றாலை ஏலத்தில் விலை யூனிட்டுக்கு 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியதும், பெரிய நிலையங்களுக்கு இனி ஏலம்தான் என்று ஆகிவிட்டது. ஜெர்மனியும் அதே ஆண்டில் பெரிய நிலையங்களுக்கு ஏல முறைக்கு மாறியது.

ஏலத்தில் சிறியவனால் நிற்க முடியாது. ஒரு மெகாவாட் போடுகிறவனும் ஐந்நூறு மெகாவாட் போடுகிறவனும் ஒரே விலைக்கு சூரியத் தகடு வாங்க முடியாது. வங்கி இருவருக்கும் ஒரே வட்டியும் போடாது. அவனுக்காகத்தான் ஆணையம் விலை வைக்கிறது. குசும் திட்டத்திலும் ஒரு சிறு கொக்கி இருக்கிறது, கையேட்டில் விட்டுவிடாதீர்கள்: அறிவித்த மெகாவாட் அளவைவிட அதிகத்துக்கு விண்ணப்பங்கள் வந்தால், முன்கூட்டியே அறிவித்த அந்த விலையையே உச்சவரம்பாக வைத்து ஏலத்துக்குப் போகலாம்.

என் பரிந்துரை: ஆணைய நிர்ணய விலை. அழகில்லைதான். ஆனால் யார் நிர்ணயித்தது என்று கேட்டால் பதில் சொல்லிலேயே இருக்கும்.

கேட்காமலே ஒரு செய்தி. கூரையில் தகடு போட்டவர்கள் எல்லோரும் 'கரண்ட் போனாலும் நம் வீட்டில் விளக்கு எரியும்' என்று நம்புகிறார்கள். தொகுப்போடு இணைந்த இன்வெர்ட்டர், தொகுப்பில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும்; நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. பேட்டரி வைத்துத் தனியாக அமைத்தால்தான் விளக்கு எரியும். இதையும் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

———

மறுமொழி: சேகோ (ஜவ்வரிசி) ஆலை நடத்துபவர், ஆத்தூர்

'வரத்து விலை' வேண்டவே வேண்டாம். எங்கள் ஊரில் இந்த இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொன்னாலே வயிறு கலங்கும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வரத்து கூடினால் விலை இறங்கும். கிழங்கிலுள்ள மாவுச்சத்தை அளந்து பாயிண்டுக்கு இவ்வளவு என்று போன வாரம் பேசிய விலை இந்த வாரம் இருக்காது. காரிப்பட்டி மாம்பழக்காரரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். வரத்தைப் பார்த்து விலை என்பது சந்தை. நீங்கள் சொல்லும் திட்டம், வரத்து எவ்வளவு கூடினாலும் விலை அசையாது என்பது. நேர் எதிரான பொருளைத் தரும் சொல்லை எப்படி வைப்பது?

என்னைப் போன்றவர்களுக்கு எது முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலைக் கழிவுநீரைத் தொட்டியில் மூடி வைத்து எரிவாயு எடுத்து, அதில் ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். முன்பு ஓடையில் விட்டு ஊராரிடம் திட்டு வாங்கிய அதே தண்ணீர். எரிவாயு மிஞ்சினால் மின்சாரமாக்கி விற்கலாம் என்ற யோசனை எப்போதும் உண்டு. வங்கிக்குப் போனால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, 'யூனிட்டுக்கு என்ன தருவார்கள்?' என்பது. இரண்டாவது, 'எத்தனை வருடத்துக்கு?' முதல் கேள்விக்கு ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவேன். இரண்டாவதில்தான் கடன் நிற்கும் அல்லது விழும். அதனால் சொல்லில் 'உறுதி' இருக்க வேண்டும். 'ஆதரவு விலை' என்று யாராவது எழுதிவிடப் போகிறீர்கள், அதுவும் வேண்டாம். நெல்லுக்கு ஆதரவு விலை அறிவிப்பார்கள், ஆனால் கொள்முதல் நிலையத்தில் இடமில்லை என்று மூட்டை மழையில் நனையும். வாங்கியே ஆக வேண்டும் என்ற கடமை இல்லாத விலை வெறும் அறிவிப்பு.

———

மறுமொழி: காபித் தோட்டக்காரர், ஏற்காடு

ஒரு சின்ன ஐயம். மலையில் எங்கள் வீடுகளில் பாதி, மாதத்தில் பெரும்பாலான நாள் பூட்டியே கிடக்கும். மூடுபனி இல்லாத நாளில் கூரையில் விளைவதெல்லாம் அப்படியே வெளியே போகும். இதற்கு மின்வாரியம் தருவதும் இதே ஃபீட்-இன் டாரிஃப் தானா? நெட் மீட்டர், நெட் ஃபீட்-இன், கிராஸ் மீட்டர் என்று மூன்று சொல்கிறார்கள். தமிழில் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடாதீர்கள்.

———

மறுமொழி: மொழிபெயர்ப்பாளர், சேலம்

மூவருக்கும் நன்றி. பின்னால் வந்ததிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஏற்காட்டு ஐயத்தில்தான் விடை ஒளிந்திருக்கிறது.

நெட் மீட்டரில் விலை என்ற பேச்சே இல்லை. அனுப்பிய யூனிட்டை வாங்கிய யூனிட்டிலிருந்து கழிக்கிறார்கள், யூனிட்டுக்கு யூனிட். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டும், நீங்கள் வாங்கும் விலைக்கே மதிக்கப்படுகிறது. இதை 'நிகர அளவீடு' என்போம். நெட் ஃபீட்-இன் முறையில் வெளியே போன யூனிட்டுக்கு ஆணையம் வைத்த தனி விலை போட்டு, அந்த ரூபாயை உங்கள் பில்லிலிருந்து கழிப்பார்கள். அந்த விலை நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவாக இருக்கும். தமிழ்நாட்டில் 2019-இல் நிகர அளவீட்டை நிறுத்திவிட்டு இந்த முறையைக் கொண்டுவந்தபோது கூரைக்காரர்கள் முகம் சுளித்ததற்கு அதுதான் காரணம். 2021-இல் ஆணையம் வீட்டு நுகர்வோருக்கு நிகர அளவீட்டைத் திரும்பக் கொடுத்தது. கிராஸ் முறையில் விளைந்தது முழுவதையும் தொகுப்புக்கு விற்றுவிட்டு, உங்கள் தேவையைத் தனியாக வாங்குகிறீர்கள். பலர் 'மொத்த அளவீடு' என்று எழுதுகிறார்கள். மொத்தம், சில்லறை என்ற கடைவீதிப் பொருள் குறுக்கே வரும் என்பதால் நான் 'முழு அளவீடு' என்று எழுதப்போகிறேன். பூட்டிய வீட்டுக்காரருக்கு நிகர அளவீட்டில் கழிக்கப் போதிய பில்லே இருக்காது. எந்த முறை லாபம் என்பதை அவரவர் பில்லை வைத்துக் கணக்கிட வேண்டும்.

ஆக, நம் பட்டியலில் இரண்டு பொருள்கள் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடைந்து கிடக்கின்றன. கூரைக்காரரின் மிச்ச யூனிட்டுக்கு ஆணையம் அவ்வப்போது வைத்து அவ்வப்போது மாற்றும் விலை ஒன்று. கொள்முதல் கடமையோடும் நீண்ட கால உறுதியோடும் வரும் கொள்கை மற்றொன்று. முன்னதற்கு 'வரத்து விலை' பொருந்துகிறது. அது அசையும் விலை, ஆத்தூர்க்காரர் சொல்லும் சந்தை வாடை அதில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பின்னதற்கு அவர் கேட்ட உறுதியைச் சேர்த்து 'மின்வரத்து உறுதிவிலை'. கையேட்டில் முதலில் வரும் இடத்தில் அதற்கு ஒரு வரி விளக்கம் கொடுப்பேன்: சிறு உற்பத்தியாளர் தொகுப்புக்குத் தரும் மின்சாரத்தை, நிர்ணயித்த விலையில், நிர்ணயித்த ஆண்டுகளுக்கு, விநியோக நிறுவனம் வாங்கியே ஆக வேண்டிய ஏற்பாடு.

மேட்டூர் ஐயாவின் 'ஆணைய நிர்ணய விலை'யை நான் ஏற்காததற்குக் காரணம் அழகின்மை இல்லை. அனல் மின் நிலையத்துக்கும் ஆணையமே விலை நிர்ணயிக்கிறது. 62-ஆம் பிரிவு சூரியனுக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. என் சொல்லில் சிறியவர் எங்கே என்று கேட்டீர்கள். உங்கள் சொல்லிலும் அவர் இல்லை, ஆங்கிலச் சொல்லிலும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே சொல்லில் திணித்தால் அது சொல்லாக இராது, அரசாணையாகிவிடும்.

உறுதி என்று எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் திட்டம் உள்ள நாடுகள் பலவற்றில் விலை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் 2012 ஜூலையில் தொடங்கியபோது சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு வரியோடு 42 யென். பிறகு சேர்ந்தவர்களுக்குப் படிப்படியாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் 2014-இல் பெரிய சூரிய நிலையங்களுக்கு ஆணையம் வைத்த விலை 7 ரூபாய் 1 காசு. இன்று அதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டவருக்கு அவர் சேர்ந்த நாளின் விலைதான் கடைசிவரை. குறைவது புதிதாக வருபவருக்கு மட்டும். ஸ்பெயின் இந்த எல்லையைத் தாண்டிப் பழைய ஒப்பந்தங்களிலும் கை வைத்தது. முதலீட்டாளர்கள் அந்த நாட்டைப் பன்னாட்டுத் தீர்ப்பாயங்களுக்கு இழுத்தார்கள். ஆகவே 'விலைக் குறைப்பு' என்று எழுதினால் எல்லோருக்கும் குறைகிறது என்ற தவறான அச்சம் வரும். புதியவர்களுக்கான இந்தத் திட்டமிட்ட இறக்கத்துக்கு 'படியிறக்கம்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

லைன்மேன் செய்தி மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போகிறது, ஐயா. குசும் ஏலக் கொக்கியும் சேர்த்தாயிற்று. 'கிரிட்' என்பதற்கு நான் 'மின்தொகுப்பு' என்றே எழுதிவந்திருக்கிறேன். சிலர் 'மின்கட்டமைப்பு' என்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கலந்தால் உறுதிவிலை கரை சேராது.