வடக்கத்தி ஆளுங்களால திருப்பூருக்கு என்னங்க நிக்குது?

அவிநாசிரோடு:
டீக்கடையில எப்பவும் இதே பேச்சுதானுங்க. சம்பாதிக்கறதை எல்லாம் ஊருக்கு அனுப்பிடறாங்களாம், நம்ம ஈஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு, ரேஷனையும் வாங்கிக்கறாங்களாம். பனியன் கம்பெனி உள்விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்லாக்:
லைனைப் பார்த்தா தெரியுமுங்க. டி-சர்ட்டுக்கு ஓவர்லாக் தையல் மிஷின்ல தோள் சேர்த்து, கழுத்துக்கு ரிப் வெச்சு, கை ஏத்தி, சைடு மூடணும். அப்புறம் பேட்லாக் மிஷின்ல அடி மடிப்பு. கை ஏத்தற வடக்கத்தி ஆளோட சீட்டு ஒண்ணு காலின்னா பண்டல் அங்கயே குமிஞ்சிரும், பேட்லாக்காரர் சும்மா உக்காந்திருப்பார். செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் பின்னாடியே நிக்கும். ஹோலி, சத் பூஜைக்கு அவங்க ஊருக்குப் போனா வருசாவருசம் இந்தப் பாடுதான். கப்பல் தேதி தப்பினா சரக்கை விமானத்துல ஏத்தணும், செலவு பெரும்பாலும் கம்பெனி தலையில. 2023 மார்ச்சுல வடக்கத்தி ஆளுங்களை இங்க அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி ஆளுங்க ரயில் ஏறினப்ப, அது பொய்னு போலீஸே அறிவிக்க வேண்டியதாச்சு. அந்த சீட்டை நம்பித்தான் நம்மூரு கட்டிங் மாஸ்டர், டையிங்காரர், டெம்போக்காரர் பொழப்பும் ஓடுது.

கணக்குப்புள்ள:
ஈஎஸ்ஐ இனாம் இல்லைங்க. 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு, அவங்க பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%. 15,000 சம்பளம்னா 112.50, 487.50, ஆக மாசம் 600 ரூபாய். ஆனா நோய்க்கால லீவுப் பணம் வேணும்னா ஆறு மாச சந்தா காலத்துல 78 நாளாவது கட்டியிருக்கணும். நடுவுல ஊருக்குப் போயிட்டு வர்றவங்க இங்கதான் கோட்டை விடறாங்க. கட்டறது கட்டறதுதான், வாங்கறது கம்மி.

பிஎஃப்ல பேரு ஆதாரோட ஒத்துப்போகாது, இல்லைன்னா விலகின தேதி ஏறியிருக்காது, பணம் தூங்கும். கம்பெனி தேதி போடலைன்னா, கடைசி சந்தாவுக்கு ரெண்டு மாசம் கழிச்சு யுஏஎன்ங்கற பிஎஃப் நம்பர் கணக்குல அவங்களே போட்டுக்கலாம்.

ரேஷன்: இங்க வாங்க ஆதார் மட்டும் பத்தாது. சொந்த ஊர்ல உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டு இருக்கணும், கைரேகை ஒத்துப்போகணும். இங்க வாங்கினது ஊர்ல அவங்க குடும்பத்துப் பங்குல கழிஞ்சிரும். நம்ம பங்கை யாரும் தொடறதில்ல.

நொய்யல்கரை:
வந்தவங்க கதை பழசுங்க. கோயமுத்தூர்ல 1888லயே நூற்பாலை வெச்சவர் ராபர்ட் ஸ்டேன்ஸ், வெள்ளைக்காரர். 1910ல லட்சுமி மில் தொடங்கின குப்புசாமி நாயுடு தெலுங்குக் குடும்பம். தறியோட வந்த தேவாங்கர் வீட்டுல இன்னும் கன்னடம். அவங்க சௌடேஸ்வரி அம்மனுக்குக் கத்தி போடற நோன்பி இப்ப கோவை நோன்பி ஆயிருச்சு. பீகார்க்காரரோட லிட்டி பலகாரமும் கடுகெண்ணெயும் மட்டும் எதுக்கு உறுத்துது?

சிங்கர்மிஷின்:
ஒண்ணு விட்டுட்டீங்க. கூலி ஏற மாட்டேங்குதுங்கற குறையில நெசம் இருக்குதுங்க. கான்ட்ராக்டர் மூலமா எடுத்தா பீஸ் ரேட் என்னன்னு ஆளுக்கே தெரியாது, நடுவுல கமிஷன் போயிரும். அதே ரேட்டைக் காட்டி உள்ளூர்க்காரரையும் அமுக்குவாங்க. ரேட் சீட்டை இந்தி, ஒடியாவுலயும் எழுதி லைன்லயே ஒட்டச் சொல்லுங்க, சம்பளம் பேங்க் கணக்குல விழணும். சங்கத்துலயும் அவங்களைச் சேர்க்கணும்.

அவிநாசிரோடு:
நன்றிங்க. அந்த 78 நாள் கணக்கை எங்க லைன் ஆளுங்களுக்கு முதல்ல சொல்லிடறனுங்க.