அனூரிசம் கழுத்து கிழிந்தால் பஞ்சா, தையலா?

எம்சிஎச்_மாணவர்:
மூளையின் நடுத் தமனியான எம்.சி.ஏ. (பிரியுமுன் எம்1, பிரிந்த கிளைகள் எம்2) பிரியும் இடத்து அனூரிசத்தில் (குழாய்ச் சுவரின் பலூன் போன்ற வீக்கம்) கிளிப் போடும்போது, கழுத்தும் எம்2 கிளையும் சேரும் மூலையில் 1–2 மி.மீ. கிழிகிறது. கிளிப்பை இன்னும் கீழே இறக்கினால் எம்2 அடைபடும். என்ன வரிசையில் போவது? தையல் எப்போது?

நுண்தையல்:
பைபோலாரை (மின்சாரத்தால் சுடும் இடுக்கி) தொடாதீர்கள். சுட்டால் விளிம்பு சுருங்கி ஓட்டை பெரிதாகும். சக்கர் (உறிஞ்சு குழாய்) முனையை ஓட்டைக்கு நேரே நிறுத்தி, பஞ்சுப் பட்டையால் லேசாக அழுத்தினாலே இடம் தெரியும். அதற்குள் மயக்க மருத்துவர் புரோபோஃபால் மயக்க மருந்தால் பர்ஸ்ட் சப்ரஷன் (மூளையின் மின்செயல்பாட்டை அடக்கும் ஆழ்ந்த மயக்கம்) கொண்டுவரட்டும். ரத்த அழுத்தம் இறங்கக் கூடாது.

அடுத்து எம்1-இல் தற்காலிக கிளிப், முடிந்தால் மூளையின் ஆழத்துக்குப் போகும் லென்டிகுலோஸ்ட்ரையேட் நுண்கிளைகளைத் தாண்டி. அப்போதும் ரத்தம் வந்தால் அது எம்2 கிளைகளிலிருந்து திரும்பி வருவது, அவற்றையும் மூடுங்கள்.

இவ்வளவு சின்னக் கிழிசலுக்கு என் தேர்வு பஞ்சுதான். கிழிசலைவிடச் சற்றுப் பெரிய துணுக்கை அதன்மேல் வைத்து, பஞ்சையும் கழுத்தையும் சேர்த்துக் கிளிப் கவ்வ வேண்டும். ஓட்டையைப் பஞ்சு அழுத்திப் பிடிப்பதால், கிளிப்பின் அலகு தாய்க்குழாய் (அனூரிசம் முளைத்த தமனி) மேல் ஏற வேண்டியதில்லை.

தமனிப்பாதை:
கிழிசல் தாய்க்குழாய்க்குள் ஓடியிருந்தால் பஞ்சு நிற்காது. 9-0 அல்லது 10-0 நைலான், தனித்தனி முடிச்சு. ஊசி உட்சுவரையும் சேர்த்து எடுக்கணும்; விட்டால் அது உரிந்து உள்ளே மடங்கும், அங்கே ரத்தம் உறையும். கொழுப்புப் படிந்த மஞ்சள் திட்டில் குத்தினால் சுவர் இன்னும் கிழியும். ஹெப்பாரின் கலந்த சலைனால் அலசி, கடைசி முடிச்சை இறுக்குமுன் ஒரு எம்2 கிளிப்பைக் கணநேரம் தளர்த்துங்கள். பின்னோட்டம் காற்றையும் உறைவையும் வெளியே தள்ளும். எம்1 கிளிப் கடைசியில்தான். ஊசித் துளைக் கசிவுக்கு சர்ஜிசெல் (ரத்தத்தை நிறுத்தும் துணி) வைத்துச் சில நிமிடம் பொறுத்தால் போதும்.

தற்காலிக அடைப்பு 10 நிமிடம் தாண்டுகிறது, எம்.இ.பி. (மூளையிலிருந்து தசைக்குப் போகும் இயக்கச் சமிக்ஞை) விழுகிறது என்றால் பைபாஸ் (வேறு தமனியை இணைத்து மாற்றுப்பாதை தருவது) யோசிக்கணும். அதனால் தோலை வெட்டும்போதே எஸ்.டி.ஏ.-வை (நெற்றிப்பொட்டுத் தோலடித் தமனி) காப்பாற்றி வையுங்கள். நரம்பியல் அறுவை மருத்துவர் யாசர்கில் 1967-இல் எம்.சி.ஏ.-வோடு இணைத்தது இந்தக் குழாயைத்தான்.

எம்சிஎச்_மாணவர்:
நன்றி சார். ஐ.சி.ஏ.-வில் (உட்கழுத்துத் தமனி) வரும் பிளிஸ்டர் அனூரிசத்துக்கும் இதேதானா?

நுண்தையல்:
இல்லை. அங்கே ஓட்டையை மூடியிருப்பது மெல்லிய நார்ப்படலமும் உறைவும்தான். தையலைத் தாங்கும் விளிம்பு கிடையாது. குழாயைச் சுற்றிப் பிடிக்கும் சண்ட் கிளிப், இல்லையேல் பைபாஸோடு இருபுறமும் அடைப்பது. சுற்றும்போது ஆன்டீரியர் கோராய்டல் தமனியின் வாய் மறையாமல் பாருங்கள்.

எந்த வழியானாலும் முடிவில் ஒவ்வொரு கிளையிலும் டாப்ளர் (ஓட்டத்தை ஒலியால் அறியும் கருவி), பிறகு ஐ.சி.ஜி. (ரத்தத்தில் ஒளிரும் சாயம்). உறைவு மூடிய இடத்தில் ஐ.சி.ஜி. ஒளிராது, துடைத்துவிட்டுப் பாருங்கள்.